மேல்காற்றின் கணக்கு

கொடைக்கானலில் விடியற்காலையில் புறப்படும் ஒரு வண்டி மலைச்சாலையில் இறங்கி, வத்தலக்குண்டு, திண்டுக்கல், மணப்பாறை, விராலிமலை வழியாகப் புதுக்கோட்டையைத் தொட்டு, அங்கிருந்து அறந்தாங்கி, மணமேல்குடி என்று போனால், பொழுது சாய்வதற்குள் பாக் நீரிணைக் கரையில் நின்றுவிடலாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் தொடங்கிக் கடல் மட்டத்தில் முடியும் இந்தப் பாதை முந்நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆடி மாதத்தில் இந்த வழியே போகிறவர், மலையில் பதினெட்டு, பத்தொன்பது டிகிரிப் பகலில் மூடுபனியைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டிய வெயிலில், செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் காற்றுக்குள் வந்துவிடுவார். விராலிமலையைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கண்மாய்கள் வரத் தொடங்கும். அந்த மாதத்தில் பெரும்பாலானவை வெறும் தரை. இந்தச் சமவெளி ஏன் இப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று கேட்டால், மழை குறைவு என்பதுதான் உடனே வரும் பதில். அந்தப் பதில் போதாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. லண்டனில் பெய்வது 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். லண்டனைச் சுற்றியுள்ள வயல்களை யாரும் வறண்ட பூமி என்று சொல்வதில்லை. வானம் எவ்வளவு கொடுக்கிறது என்பதோடு, காற்று எவ்வளவு திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு நிலத்தின் நீர்க்கணக்கு நேராகும். புதுக்கோட்டையில் அந்தச் செலவுக் கணக்கின் பெரும்பகுதியை எழுதுவது மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. அந்தக் காற்றின் குணம் தீர்மானமாவதோ, பயணம் தொடங்கிய மலைக்கும் மேற்கே.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கடந்து வரும்போது ஈரம் நிறைந்தது. கேரளக் கடற்கரையில் 28 டிகிரி வெப்பத்தில், முக்கால் பங்கு ஈரப்பதத்தோடு வரும் ஒரு காற்றுத் திரளை எடுத்துக்கொள்வோம். மலை குறுக்கே நிற்பதால் அது மேலே ஏறியாக வேண்டும். ஏற ஏற அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறையக் காற்று விரிகிறது; விரியும் காற்று குளிர்கிறது. மேகம் கட்டாத வரை இந்தக் குளிர்ச்சி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி. 600 மீட்டரில் மேகம் கட்டத் தொடங்குவதாக வைத்துக்கொண்டால் அங்கே வெப்பம் 22 டிகிரி. அதற்கு மேல் நீராவி துளியாக மாறுகிறது. மாறும்போது தன்னுள் இருந்த மறைவெப்பத்தை வெளியே விடுவதால், காற்று முன்போல வேகமாகக் குளிர்வதில்லை. கிலோமீட்டருக்கு 5 டிகிரி அளவில் குளிர்ந்து, 2,000 மீட்டர் உயரத்தில் 15 டிகிரியில் நிற்கிறது. வழியில் உண்டான துளிகள் மூணாறிலும் வால்பாறையிலும் சின்னக்கல்லாறிலும் மழையாகக் கொட்டிவிட்டன. இனிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஆவியாவதற்குத் துளிகள் இல்லை. எனவே இறங்கும் 2,000 மீட்டர் முழுவதும் கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறி, அடிவாரத்தில் 35 டிகிரியாகிறது. 28 டிகிரியில் ஏறிய காற்று 35 டிகிரியில் இறங்குகிறது. அந்த ஏழு டிகிரியும் மேற்குச் சரிவில் மழையாகிப்போன நீர் விட்டுச்சென்ற வெப்பம். காற்றின் ஈரப்பதம் இப்போது நாற்பது விழுக்காட்டுக்கும் கீழே. ஆல்ப்ஸ் மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் வறண்ட காற்றை ஐரோப்பியர்கள் ஃபோன் என்கிறார்கள். ராக்கி மலையின் கிழக்குச் சமவெளியில் பனியை ஒரே நாளில் தின்றுவிடும் காற்றுக்குச் சினூக் என்று பெயர். ஆடிக்காற்று இவற்றோடு ஒரே இயற்பியலைப் பகிர்ந்துகொள்கிறது.

இது ஓர் எளிய கணக்குதான். உண்மையில் எல்லாக் காற்றும் மலை ஏறி இறங்குவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கணவாய்கள் இருக்கின்றன. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி ஆகியவற்றின் வழியே நெருக்கப்பட்டுப் பாயும் காற்று, ஏறாமலே கிழக்கே வந்துவிடுகிறது. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். காற்றுதான் புதுக்கோட்டையின் நீர்க்கணக்கை எழுதுகிறது என்றால், பல்லடத்திலும் உடுமலையிலும் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் நிற்பதுபோல இங்கே ஏன் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கவில்லை? 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை தொடங்கியதிலிருந்து, காற்றாலைகள் கணவாய்களின் வாயையே தேடிப் போயின. அதிலிருந்தே புதுக்கோட்டையின் காற்று அவ்வளவு வலுவானதல்ல என்று தெரிகிறதே என்பது மறுப்பு. வலுவானதல்ல என்பது சரி. ஆனால் காற்றாலைக்கு வேண்டிய காற்றும் நிலத்தை உலர்த்தும் காற்றும் வெவ்வேறு கணக்குக்குக் கட்டுப்பட்டவை. காற்றிலிருந்து எடுக்கக்கூடிய ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆவியாதலில் காற்றின் பங்கோ, வேகத்துக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில்தான் போகிறது. வேகம் பாதியானால் அந்தப் பங்கும் பாதியாகிறது, அதற்குமேல் குறைவதில்லை. முதலீட்டாளர் திரும்பிப் பார்க்காத காற்று ஒரு கண்மாயைக் காயவைக்கத் தாராளமாகப் போதும்.

ஜான் டால்டன் 1802இல் சொன்ன விதி இதற்கு அடிப்படை. நீர்ப்பரப்பில் இருக்கக்கூடிய நீராவி அழுத்தத்துக்கும், மேலே செல்லும் காற்றில் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் எவ்வளவு இடைவெளியோ, அதற்குத் தக ஆவியாதல் நடக்கும். அந்த ஈரத்தை அப்புறப்படுத்தும் காற்று வேகமாக இருந்தால் அது கூடும். கொடியில் காயும் ஈரவேட்டிக்கும் கண்மாய்க்கும் இதில் வேற்றுமை கிடையாது. 1948இல் ஹோவர்ட் பென்மன் இதோடு சூரிய ஆற்றலையும் சேர்த்து ஒரே சமன்பாடாக்கினார். இன்று உலகம் முழுவதும் பயிரின் நீர்த்தேவையைக் கணிக்கும் முறைகள் அதன் வழிவந்தவை. நம் காற்றுத் திரளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். கேரளக் கரையில் 28 டிகிரியில், முக்கால் ஈரப்பதத்தில் இருந்தபோது, அந்தக் காற்று நிரம்புவதற்கு இன்னும் தேவைப்பட்ட நீராவி அழுத்தம் 10 மில்லிபாருக்குச் சற்றுக் குறைவு. மலையைத் தாண்டி 35 டிகிரியில் இறங்கிய அதே காற்றுக்கு, நிரம்பத் தேவைப்படுவது 35 மில்லிபார். வேகம் மாறாவிட்டாலும், நீரை உறிஞ்சும் தாகம் மும்மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இதனால்தான் தமிழகத்தின் உள்சமவெளியில் ஓராண்டில் ஆவியாகக்கூடிய நீரின் அளவு, பெய்யும் மழையைப்போல ஏறக்குறைய இரு மடங்காக இருக்கிறது. லண்டனில் மழை குறைவாக இருந்தும் நிலம் ஈரமாக இருப்பதற்குக் காரணம், அங்கே இந்த இரண்டாவது எண்ணும் சிறியதாக இருப்பதே.

மலைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்குக் குறையாத சமவெளி இருக்கிறதே, அவ்வளவு தூரம் வந்த பிறகும் மலையின் விளைவு நீடிக்குமா என்று கேட்கலாம். சூட்டைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியில் உண்மை உண்டு. புதுக்கோட்டையில் உணரப்படும் வெப்பத்தின் பெரும்பகுதி, மேகமில்லாத வானத்தின் கீழ் அங்கேயே காயும் மண்ணிலிருந்து கிளம்புவது. அடிவாரத்திலிருந்து அப்படியே தூக்கிவரப்பட்டதன்று. ஆனால் ஈரத்தின் கதை வேறு. மேற்கே இழந்த நீராவியைக் காற்று திரும்பப் பெற வேண்டுமானால், வழியில் யாராவது கொடுத்தாக வேண்டும். திண்டுக்கல்லுக்கும் மணப்பாறைக்கும் இடையில் ஆனி, ஆடியில் கொடுக்க என்ன இருக்கிறது? முருங்கையும் சோளக்கட்டையும் கருவேலமும் நிற்கும் நிலம் அது. ஈரமே இல்லாத மண்ணில் விழும் வெயில், நீரை ஆவியாக்கச் செலவாகாமல், காற்றைச் சூடாக்கவே செலவாகிறது. சூடான காற்று மேலெழுந்து, உயரத்தில் உள்ள வறண்ட காற்றைக் கீழே இழுத்துக் கலக்கிறது. மலை பறித்த ஈரம் சமவெளியில் ஈடுசெய்யப்படாததோடு, வறட்சி வழியெல்லாம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் போன்ற பாறைக்குன்றுகள் இந்தக் காற்றை மீண்டும் உயர்த்தி மழையாக்கும் அளவுக்குப் பெரியவையல்ல. தங்கள் சுனைகளில் கொஞ்சம் மழைநீரைப் பிடித்துவைப்பதோடு அவற்றின் பங்கு முடிந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் எதிராக நிற்கும் வலுவான சாட்சி ஒன்று உண்டு. மேல்காற்று அவ்வளவு வறண்டது என்றால், ஆடிப்பட்டம் எப்படி வந்தது? அந்த மாதத்தில்தானே மானாவாரி நிலத்தில் கடலையும் உளுந்தும் வரகும் விதைக்கிறார்கள்? புதுக்கோட்டையின் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஜூன் முதல் செப்டம்பருக்குள்தான் விழுகிறது. மழைமறைவுப் பகுதி என்ற பேச்சே இங்கே பொருந்தாது என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்த மழை எப்போது, எப்படி வருகிறது என்று கவனித்தால் விஷயம் வேறாகத் தெரியும். அது நாள்முழுதும் பெய்யும் பருவமழையன்று; பிற்பகலில் கருத்து, மாலையிலோ முன்னிரவிலோ இடியோடு கொட்டி ஓய்ந்துவிடும் மழை. பகலில் நிலம் சூடேறியதும், பாக் நீரிணையிலிருந்து ஈரமான கடற்காற்று உள்நாட்டை நோக்கி வருகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் கிழக்கிலிருந்து வரும் இந்தக் காற்றும் எதிரெதிரே முட்டும் இடத்தில், இரண்டுக்கும் மேலே போவதைத் தவிர வழியில்லை. மேலே போன ஈரம் இடிமேகமாகிறது. ஆக, ஆடி மழையின் ஈரத்தில் பெரும்பங்கு கிழக்குக் கடலுடையது. மேல்காற்று மிகப் பலமாக அடிக்கும் நாள்களில் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்பட்டு, உள்ளே மழை இல்லாமல் போகிறது. மேற்குக் கரையில் பருவமழை ஓய்ந்து இடைவெளி விடும் நாள்களில் தமிழகத்தில் இடிமழை கூடுவதை வானிலையியலாளர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். கேரளம் நனையும்போது புதுக்கோட்டை காய்வதும், கேரளம் ஓயும்போது புதுக்கோட்டை விதைப்பதும் ஒரே காற்றின் ஏற்ற இறக்கங்கள். ஆடிப்பட்டத்தை இந்த வாதத்துக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால், அது வாதத்தின் பக்கமே பேசுகிறது.

ஐப்பசியில் காற்று திசை மாறுகிறது. அப்போது ஈரம் வங்கக்கடலிலிருந்து வருகிறது. மலை இப்போது காற்று போய்ச் சேரும் பக்கத்தில் இருக்கிறது. கொடைக்கானலின் மிகுதியான மழை தென்மேற்குப் பருவத்தில் விழாமல் அக்டோபரை ஒட்டி விழுவதற்கு இதுவே காரணம். நம் பாதையை எதிர்த்திசையில் கடந்த காற்று ஒன்றைப் புதுக்கோட்டை மக்கள் மறக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியே மேற்கே நகர்ந்து, மலையைத் தாண்டிக் கேரளம் வழியாக அரபிக்கடலுக்குள் போனது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளில் இரண்டு தலைமுறை உழைப்பில் வளர்ந்த தென்னையும் பலாவும் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. ஆடிக்காற்று அப்படி ஒரே இரவில் எதையும் சாய்ப்பதில்லை. நாளுக்குச் சில மில்லிமீட்டராக, மூன்று மாதம் எடுத்துக்கொண்டு போகிறது. அதற்கு நிவாரணக் கணக்கு எழுதுவதும் இல்லை. பாதிப்பின் அளவில் இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்றாலும், ஓசையில்லாத இழப்பு கணக்கிலேயே ஏறாமல் போவது நம் நீர்நிர்வாகத்தின் பெருங்குறை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் கண்மாய்களைப் பார்க்க வேண்டும். மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. மலையிலிருந்து வற்றாமல் இறங்கும் ஆறு எதுவும் இங்கே ஓடவில்லை. தெற்கு வெள்ளாறும் அக்கினியாறும் பாம்பாறும் சமவெளி மழையை நம்பியவை. நிலம் தென்கிழக்காகச் சரிவதால், சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, ஒன்றின் கலிங்கில் வழிந்த நீர் அடுத்ததன் வரத்துக்காலில் சேரும்படி சங்கிலியாக அமைத்தார்கள். பல்லவர், பாண்டியர், முத்தரையர் காலத்துக் கல்வெட்டுகளில் கண்மாயின் மதகான குமிழியை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இவ்வளவு அகலமாக, இவ்வளவு ஆழமில்லாமல் நீரைப் பரப்பி வைப்பது, வறண்ட காற்றடிக்கும் நாட்டில் அறிவுடைமையா என்று பொறியாளர்கள் கேட்பதுண்டு. கண்மாய் எந்த மாதத்தில் நிறைந்திருக்கிறது என்பதில் பதில் இருக்கிறது. சராசரி ஒரு மீட்டர் ஆழமுள்ள கண்மாய் கார்த்திகையில் நிறைகிறது என்று கொள்வோம். ஈரமான வாடைக்காற்றும் குறைந்த வெயிலும் உள்ள அந்தக் காலத்தில் ஆவியாவது நாளுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். நூறு நாளில் 40 சென்டிமீட்டர். அதற்குள் மாசி வந்துவிடுகிறது. சம்பா அறுவடை முடிந்துவிடுகிறது. நீரின் ஒரு பகுதி பயிருக்கும், ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்கும் போய்விட்டது. அதே நீரை ஆனி, ஆடிக்கு வைத்திருந்தால் இழப்பு நாளுக்கு இரு மடங்கு. நூறு நாளில் 80 சென்டிமீட்டர், அதாவது கண்மாயின் பெரும்பகுதி. ஆடியில் வறண்டு கிடக்கும் கண்மாயைப் பார்த்து அமைப்பு தோற்றுவிட்டது என்று சொல்வது தவறு. மேல்காற்று வருவதற்கு முன்பே நீரைச் செலவழித்து முடிப்பதும், மிச்சத்தை மண்ணுக்குக் கீழே பத்திரப்படுத்துவதும் அந்த அமைப்பின் வேலை; அது அந்த வேலையை முடித்துவிட்டுக் கிடக்கிறது.

மண்ணுக்குக் கீழே வைத்த நீரையும் காற்று எட்டிப்பிடிக்க ஒரு வழி உண்டு. அது மரம். பாதையோரம் மைல்கணக்கில் தொடரும் தைலமரக் காடுகள் ஆடியிலும் பசுமையாக நிற்பது, வேர் ஆழத்திலிருந்து நீரை இலைக்கு ஏற்றிக்கொண்டிருப்பதால்தான். உயர்ந்த, கரடுமுரடான மரப்பரப்பின் மேல் காற்று சுழன்று கலப்பதால், ஈரம் வயலைவிட வேகமாக அகற்றப்படுகிறது. எல்லா மரமும் ஒன்றல்ல. வயலோரம் காற்றுக்குக் குறுக்கே நிற்கும் சவுக்கு வரிசை, தான் குடிப்பதோடு, பின்னால் இருக்கும் வாழைக்கும் மிளகாய்க்கும் காற்றின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. கண்மாய்க்கு நீர் வர வேண்டிய மேட்டுநிலத்தை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கும் தைலமரத் தோட்டத்துக்கு அந்தப் பலன் கிடையாது. வரத்து குறைந்ததாக மாவட்டத்து விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதை, இந்தக் காற்றுக் கணக்கோடு சேர்த்து ஆராய்ந்தால் அதன் நியாயம் விளங்கும்.

அறந்தாங்கியைத் தாண்டினால் நிலம் மாறுகிறது. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து முடிந்த கல்லணைக் கால்வாய், வழியிலுள்ள ஏரிகளை நிரப்பியபடி வந்து மும்பாலை ஏரியில் முடிகிறது. இதைக் காட்டி, காவிரியைக் கொண்டுவந்துவிட்டால் காற்றின் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் விராலிமலை அருகே குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு, 262 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. காவிரியின் வெள்ள உபரியைத் தெற்கே கொண்டுபோவது அதன் நோக்கம். நான் அந்தத் திட்டத்துக்கு எதிரி அல்லன்; புதுக்கோட்டைக்கு அந்த நீர் வரவேண்டும். ஆனால் வெள்ள உபரி எப்போது வருகிறது? 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மேட்டூர் அணை நிறைந்தது ஜூலையில். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம் அது. அந்த மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும் காற்று புதுக்கோட்டையைக் காயவைக்கும் மாதமும் அதுவே. காற்றிலிருந்து மலை பறித்த நீரை ஆறு சுற்றிக் கொண்டுவந்து சேர்க்கும் நாளில், பறிகொடுத்த காற்று எதிரே காத்துக்கொண்டிருக்கிறது. கார்த்திகை நீருக்காக அகலமாக வெட்டப்பட்ட கண்மாயில் ஆடி நீரைத் தேக்கினால், ஐப்பசி மழை வருவதற்குள் ஆவியாகிப்போவது முக்கால் மீட்டருக்கு மேல்.

எனவே ஆடியில் வரும் நீருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஒரே அளவு நீரைப் பாதிப் பரப்பில் இரு மடங்கு ஆழத்தில் வைத்தால் ஆவியிழப்பும் பாதியாகிறது. 2017 முதல் குடிமராமத்து என்ற பெயரில் நடந்த தூர்வாரும் பணிகளில், பரப்பு முழுவதையும் ஒரே சீராக வழித்து எடுப்பதைவிட, கரையை விட்டுச் சற்றுத் தள்ளி, கண்மாயின் ஒரு மூலையில் ஆழப்படுத்துவதே காற்றுக் கணக்குக்கு ஒத்தது. மடையின் மட்டத்துக்குக் கீழே போகும் நீர் தானாகப் பாயாது என்பது உண்மை. அதை இறைத்தாக வேண்டும், அல்லது கிணறுகளுக்கு ஊறவிட வேண்டும். மேற்கே அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கம் அடியில் கடினமான பாறை இருப்பதால் நீர் அதன் வெடிப்புகளில் மட்டுமே இறங்கும். அங்கே ஆழமான குழிகள் நீரை நிறுத்திவைக்கும். கிழக்கே ஆலங்குடிப் பக்கம் செம்புறாங்கல்லும் மணற்பாறையும் நீரை விரைவாக விழுங்குவதால், ஆடி நீரைத் தேக்கி வைக்காமல் ஊறுவதற்கே விட்டுவிடலாம். ஊறிய நீரை மேல்காற்று தொட முடியாது. எந்தக் கண்மாயில் எதைச் செய்வது என்பதை முடிவுசெய்ய, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆவியாதலை அளக்கும் திறந்த தொட்டியும் காற்றுமானியும் மழைமானிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கால்வாயின் கோடிகளோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.